24 மணி நேர யூரின் ஸ்டீராய்டு டெஸ்ட்: அண்ணனுக்கு எடுத்த லேப் பத்தி

அண்ணனுக்கு உடம்புல பாதிக்கு கிட்ட தீக்காயம், நாலு மாசம் ஆச்சு. வச்ச தோலெல்லாம் நல்லா பிடிச்சிருச்சு, ஆனா எவ்ளோ சாப்பிட்டாலும் தொடை சதை கரைஞ்சுட்டே போச்சு, தூக்கமும் இல்ல. ஹார்மோன் டாக்டர் இந்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க.

ரத்தம் எடுத்தா போதாதான்னு கேட்டேன். கார்டிசால் (உடம்பே சுரக்குற ஸ்டீராய்டு, ஸ்ட்ரெஸ் ஹார்மோன்னு சொல்வாங்க) காலைல ஏறி ராத்திரி இறங்குற சாமான், ஊசி குத்துன அந்த நேரத்துக்கு மட்டும்தான் அளவு கிடைக்கும், அதுபோக பெரிய தீக்காயத்துல கார்டிசால தூக்கிட்டுப் போற புரதமும் ரத்தத்துல குறைஞ்சிருமாம், மொத்த அளவ மட்டும் பாத்தா ஏமாந்துருவோம்னாங்க. யூரின்ல ஒரு நாள் கணக்கும் வந்துரும், லிவர் கார்டிசால மாத்தி அனுப்புற டெட்ராஹைட்ரோகார்டிசால் மாதிரி மெட்டபோலைட்ஸும் தனித்தனியா தெரியும்.

லேப்புக்கு வரேன். கொடுத்த சீட்டுல காலைல முதல் யூரின கீழ விட்டுட்டு அதுக்கப்புறம் பிடிக்கணும், மறுநாள் காலை முதல் யூரினோட முடிக்கணும்ங்கிற விஷயமே இல்ல. நாங்க முதல்லேந்தே பிடிச்சு வச்சோம், மொத்தமும் வீண், திரும்ப ஒரு நாள். கேன் மூடி வேற ரொம்ப இறுக்கம், அண்ணனுக்கு தழும்பு இழுத்து விரல் மடங்கி கிடக்கு, ராத்திரி மூணு மணிக்கு அந்த மூடிய உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல வச்சு திருகப் பாத்துட்டு என்னை எழுப்பினான். தீக்காயக்காரங்களுக்குன்னு வாய் அகலமான கேன் கொடுங்க, ப்ளீஸ்.

ஆனா ரெண்டாவது தடவைக்கு முன்னாடி லேப்லேந்து போன் பண்ணின பொண்ணு, அரிப்புக்கு என்ன க்ரீம் போடுறீங்கன்னு ஒண்ணொண்ணா பேர் கேட்டு எழுதிக்கிட்டாங்க. ஒண்ணுல ஸ்டீராய்டு இருந்துச்சு! அது ரிசல்ட்ட மாத்தலாம், டாக்டர கேட்டுட்டு தேதி வைங்கன்னு தள்ளிப்போட்டாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே நாலு ஸ்டார்.

ரிப்போர்ட் வெறும் நம்பர், விளக்கம் ஒரு வரி இல்ல. டாக்டர்தான் உக்கார வச்சு சொன்னாங்க, கார்டிசால் பக்கம் எல்லாமே தூக்கல், ஆண் ஹார்மோன் பக்கம் கம்மி, காயம் மூடினாலும் உடம்பு இன்னும் சதைய உடைச்சுட்டு இருக்கு. பெரிய தீக்காயம் பட்ட குழந்தைங்கள தொடர்ந்து பாத்ததுல யூரின் கார்டிசால் 3 வருஷம் வரைக்கும் கூடுதலா இருந்துச்சாம். சாப்பாட்டுல புரதம் கூட்டி, தினம் பயிற்சியும் சேர்த்துருக்காங்க.

திரும்ப எடுக்கணும்னா அங்கயேதான் கொடுப்போம், கேன் மட்டும் நாங்களே மூடி லூசா இருக்கான்னு திறந்து பாத்துட்டு வாங்குவோம்.