கால் வீங்கியது, மூச்சு நின்றது: பிராதை எங்கே கொடுப்பது?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் நாள் ஒரு கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. சொன்னால், "ஆபரேஷன் செய்த கால்தானே, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். பத்தாம் நாள் கழிப்பறைக்கு எழுந்து போனவர் மூச்சுத் திணறி விழுந்து இறந்துபோகிறார். காலின் ஆழ்சிரையில் உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கும் என்ற சந்தேகம் அதன் பிறகுதான் எழுகிறது. குடும்பம் அன்றிரவே காவல் நிலையத்துக்குப் போகிறது.

இழப்பீடுதான் நோக்கம் என்றால் அந்த வழி பெரும்பாலும் முட்டுச்சந்து. மருத்துவரைக் குற்றவாளியாக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடவடிக்கைக்கு முன் வேறொரு மருத்துவரின், முடிந்தால் அரசு மருத்துவரின், கருத்தையும் போலீசார் வாங்க வேண்டும். ரத்த உறைவு வழக்குகளிலோ புகார் பெரும்பாலும் "செய்தார்" என்பதல்ல, "செய்யாமல் விட்டார்" என்பது. அதை அந்த உயரத்துக்கு ஏற்றுவது கடினம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குடும்பத்தின் கைக்குச் சொல்லும்படியான பணம் வருவது அரிது.

ஆனால் காவல் நிலையத்தால் ஆகும் காரியம் ஒன்று இருக்கிறது: பிரேதப் பரிசோதனை. திடீர் மரணத்துக்கு "இதயத் துடிப்பு நின்றது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது ரத்தக் குழாய் அடைப்பைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுக்கப்படவில்லை என்றால், நுரையீரலில் அடைப்பு இருந்ததை உறுதியாகக் காட்டப் பிரேதப் பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும். "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எரித்த பிறகு வரும் வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே, "உறைவுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். பணம் வாங்கித் தர அதற்கு அதிகாரம் இல்லை. அலட்சியம் என்று கவுன்சில் எழுதினால் அது நமக்குப் பெரிய ஆயுதம்; இல்லை என்று எழுதினால் அந்தத் தாளை மருத்துவமனை எல்லா இடத்திலும் முதலில் நீட்டும்.

என் ஓட்டு நுகர்வோர் ஆணையத்துக்கு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் முடிவாகிவிட்டது. கட்டணத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கட்டியிருந்தாலும் வழக்குப் போடலாம். பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று: எந்த ஆணையம் என்பதை 2019 சட்டப்படி தீர்மானிப்பது நாம் கேட்கும் தொகை அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகை. பில் 3 லட்சம், கேட்பது 80 லட்சம் என்றாலும் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

வழக்கை முடிக்க ஆணையத்துக்குச் சட்டம் சொல்லும் மூன்று மாதம், ஐந்து மாதக் கெடுவை மட்டும் நம்ப வேண்டாம். குணால் சாஹா தன் மனைவிக்காக நடத்திய வழக்கில் மரணம் நேர்ந்தது 1998இல். உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாயை இறுதி செய்தது 2013இல். அது உறைவு வழக்கு அல்ல. காத்திருப்பின் நீளத்துக்காகச் சொல்கிறேன்.

ஆணையத்தில் மருத்துவமனை இரண்டு வாதங்களை வைக்கும்: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டிருந்தாலும் உறைவு வரலாம், ஊசியால் ரத்தப்போக்கும் வரலாம். இரண்டுமே உண்மை. ஆகவே "ஏன் உறைந்தது?" என்று கேட்டுப் பயனில்லை. உறைவு அபாயத்தைக் கணித்தார்களா, ஊசியோ அழுத்தக் காலுறையோ கொடுத்தார்களா, கொடுக்கவில்லை என்றால் காரணம் எழுதினார்களா, வீக்கம் தெரிந்த அன்று காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். விடை, சிகிச்சையைப் பதிந்து வைக்கும் கேஸ் ஷீட்டில், குறிப்பாகச் செவிலியர் எழுதிய பக்கங்களில் இருக்கும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடாதீர்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். உறைவு வழக்கில் அதை நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன்.

ஆணையத்தில் வழக்குப் போடக் கெடு 2 ஆண்டு. கவுன்சில் முடிவு வரட்டும், எஃப்.ஐ.ஆர். என்னவாகிறது பார்ப்போம் என்று காத்திருந்து இதைத் தவறவிட்டால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி ஆணையத்தை நம்பவைக்க வேண்டியிருக்கும்.

சிவில் நீதிமன்றத்தில் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், விசாரணையும் நீளும். ஆணையத்துக்குப் போக முடிந்தவர் இங்கே வரத் தேவையில்லை.

போக முடியாதவர்கள், எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் உறவை இழந்தவர்கள். அவர்களை நுகர்வோர் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக ரிட் மனு போடலாம். அரசு அமைத்த விசாரணைக் குழுவே தவறை ஒப்புக்கொண்டிருந்தால் அந்த மனு வலுவாக நிற்கும். ஊசி போட்டோம், போடவில்லை என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொன்னால், சாட்சிகளை விசாரிக்க வேண்டிய விஷயம், சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று உயர் நீதிமன்றம் அனுப்பிவிடக்கூடும்.