வென்வ், கான்டா, யூவி: எந்தத் திட்டத்துக்கு எந்தச் சூழல்?

பைத்தானில் இரண்டாவது திட்டத்தைத் தொடங்கும்போதுதான் சிக்கல் தலைகாட்டும். பழைய திட்டம் ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்புப் பொதியின் 3.2 பதிப்பில் ஓடுகிறது, புதியதற்கு 6.0 வேண்டும். ஒரு பைத்தானின் சைட்-பேக்கேஜஸ் கோப்புறையில் ஒரு பொதியின் ஒரே பதிப்புக்குத்தான் இடம். புதியதை நிறுவினால் பழையது போய்விடும். எனவே திட்டத்துக்கொரு தனிச் சூழல் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கொண்டு அமைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மோதல் எந்த அடுக்கில் நடக்கிறது? பொதிகளுக்குள்ளா, பைத்தான் பதிப்பிலேயா, அதற்கும் கீழே சி, ஃபோர்ட்ரான் நூலகங்களிலா?

பொதிகளோடு நின்றுவிடும் மோதலுக்கு வென்வ் (venv) என்ற கருவி போதும். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் அது மொழியோடே வருகிறது. (டெபியன், உபுண்டுவில் மட்டும் அதற்கான பொதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.) அது செய்யும் வேலை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. ஒரு கோப்புறை, அதில் மூலப் பைத்தானைச் சுட்டும் இணைப்பு, பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற சிறு கோப்பு, ஏறக்குறையக் காலியான சைட்-பேக்கேஜஸ், அவ்வளவுதான். பைத்தான் தொடங்கும்போது அந்தச் சிறு கோப்பைப் பார்த்தே எந்தக் கோப்புறையில் பொதிகளைத் தேடுவது என்று முடிவு செய்கிறது. ‘ஆக்டிவேட்’ கட்டளை முக்கியமாகச் செய்வது, முனையம் நிரல்களைத் தேடும் கோப்புறைப் பட்டியலான பாத் மாறியில் அந்தச் சூழலை முன்னுக்குக் கொண்டுவருவதுதான். ஆகவே குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளிலும் சர்வரிலும் ஆக்டிவேட் தேவையே இல்லை; சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுத்தாலே போதும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வென்வின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. ஜாங்கோ 3.2 ஆதரிப்பது பைத்தான் 3.10 வரை, 6.0-க்கோ குறைந்தது 3.12 வேண்டும். அந்த இரண்டு பைத்தான்களையும் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு, வென்வ் உதவாது. கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் உடையும். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டுகள் முழுப் பாதையை எழுதி வைத்திருக்கின்றன. 2007-இல் தொடங்கிய முன்னோடி வர்ச்சுவல்என்வ் இன்றும் வேகமாகவே இயங்குகிறது, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தேடிப் போகக் காரணம் குறைவு.

கான்டாவின் உலகம் வேறு. அதற்குப் பைத்தானும் ஒரு பொதிதான். சி நூலகங்களும், என்விடியா ஜிபியுவில் கணக்கிட உதவும் கூடா கருவிகளும்கூட அப்படியே. வரைபடத் தரவுக்கான ஜிடால் நூலகத்தைப் பைத்தானின் வழக்கமான பொதி நிறுவியான பிப் வழியாக நிறுவ முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். கணினியில் உள்ள மூல நூலகத்தின் பதிப்போடு பைத்தான் பொதியின் பதிப்பு பொருந்தாவிட்டால் நிறுவலே நின்றுவிடும். கான்டா இரண்டையும் சேர்த்தே தருகிறது. விலை என்ன? வட்டில் நிறைய இடம் பிடிக்கும். கான்டா, பிப் இரண்டையும் ஒரே சூழலில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஒன்று நிறுவியதை மற்றொன்று மேலெழுதிவிடும். கான்டாவை முதலில் முடித்துவிட்டுப் பிப்பைக் கடைசியில் தொடுவதே நல்லது. 200 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் கான்டாவை உருவாக்கிய அனகோண்டா நிறுவனத்தின் இயல்புச் சேனலுக்கான (பொதிக் களஞ்சியத்துக்கான) உரிமக் கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். கான்டா-ஃபோர்ஜ் என்ற சமூகச் சேனலோடு வரும் மினிஃபோர்ஜ் நிறுவியில் அந்தத் தொல்லை இல்லை.

பொதி மேலாண்மைக் கருவியான பொயட்ரி, 2018 முதல் பூட்டுக் கோப்பு (ஒவ்வொரு பொதியின் துல்லியமான பதிப்பையும் பதிந்து வைக்கும் கோப்பு) வழக்கத்தைப் பரப்பியது. ஏற்கெனவே அதில் இருக்கும் குழு அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை. புதிய திட்டமென்றால் என் தேர்வு, 2024-இல் ஆஸ்ட்ரல் வெளியிட்ட யூவி. ரஸ்டில் எழுதப்பட்டது. தரவிறக்கிய பொதிகளை ஒரு பொதுக் கேஷில் வைத்து, ஒரே வட்டுப் பிரிவில் இருக்கும்வரை படியெடுக்காமல் சூழல்களோடு இணைத்துவிடுகிறது. பத்துத் திட்டங்கள் இருந்தாலும் ஒரே பொதி பத்து முறை இடம் பிடிக்காது. கேட்கும் பைத்தான் பதிப்பையும் தானே இறக்கிக்கொள்ளும், எனவே மேலே சொன்ன ஜாங்கோச் சிக்கல் அங்கேயே முடிகிறது. ஆனால் ஜிடால் போன்றவற்றில் வென்வ் முட்டும் அதே சுவரில்தான் யூவியும் முட்டும். இன்னொன்று: யூவி உருவாக்கும் சூழலில் இயல்பாகப் பிப் இருக்காது. பழக்க தோஷத்தில் பிப் என்று தட்டினால் கணினியின் பொதுப் பிப் ஓடக்கூடும். ‘யூவி ஆட்’ என்றே பழகுங்கள்.

இவற்றில் எதுவும் பாதுகாப்பு வேலி அல்ல. தீய நோக்கமுள்ள பொதி எந்தச் சூழலுக்குள் இருந்தாலும் உங்கள் கோப்புகளைப் படிக்கும். நம்பாத நிரலை ஓட்ட வேண்டுமானால் கன்டெய்னரையோ தனி மெய்நிகர் கணினியையோ நாடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் (Git) சேர்க்க வேண்டியது பூட்டுக் கோப்பை. சூழல் கோப்புறையை அல்ல. அந்தக் கோப்புறையை இன்றே அழித்துப் பாருங்கள். ஒரே கட்டளையில் அது திரும்பி வராவிட்டால், யாரோ எதையோ கையால் நிறுவிவிட்டு எழுதி வைக்க மறந்திருக்கிறார்கள்.