ஏற்காட்டில் லைம்லைட் ஹைட்ராஞ்சியா: அந்த இளஞ்சிவப்பு எங்கே?

இந்த வருடம் லைம்லைட் ஹைட்ராஞ்சியாவின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. கூம்பு கூம்பாகப் பூக்கும் பேனிக்கிள் வகையில் என் கைக்கு எட்டியது இந்த ரகம்தான். விலை இறங்கியதும் தெரிந்தவர்கள் வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் சித்தி மகள், "அக்கா, உங்க வீட்ல இருக்கே, அதே செடிதான். ரெண்டு எடுத்துக்கட்டுமா?" என்று போன் செய்தாள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, ஏற்காட்டில் பல வருடமாக இதை வளர்த்து வருகிறவள் என்ற முறையில் மொத்தமாக எழுதிவிடுகிறேன். உயரம், அகலம், பூவின் அளவெல்லாம் தொட்டியில் செருகியிருக்கும் அட்டையிலேயே இருக்கும். நான் பேச வேண்டியது நிறத்தைப் பற்றி.

அட்டையில் மூன்று படங்கள் போட்டிருப்பார்கள். முதலில் இளம்பச்சை, அடுத்து வெள்ளை, கடைசியில் இளஞ்சிவப்பு. முதல் இரண்டும் எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருகின்றன. மூன்றாவது வருவதில்லை. வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்புக்குப் போய்விடுகிறது. ஆவணி கடைசியில் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சின்னப் பூவிலும் இதழ் மாதிரி நான்கு விரிந்திருக்கும் (உண்மையில் அவை இதழ்கள் அல்ல, புல்லிகள்). அதன் விளிம்பில் முதலில் டீக்கறை போல ஒரு கோடு விழும். இரண்டு மூன்று நாள் மழை விடாமல் பெய்தால் அந்தக் கோடு உள்ளே இறங்கும். கொத்தின் நடுவில், காற்றே புகாத இடத்தில், பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாம்பல் பூஞ்சை பிடிக்கும். விரலால் பிரித்தால் ஈரத்தோடு கையோடு வந்துவிடும். சிவப்பின் சாயல்கூட இருக்காது.

வாங்கிய நர்சரியில் இதைச் சொன்னபோது, "படிகாரம் கரைச்சு ஊத்துங்கம்மா, இல்லன்னா சுண்ணாம்பு போட்டுப் பாருங்க, கலர் மாறும்" என்றார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைத்த பதில். அந்த வைத்தியம் வேறு செடிக்கு உரியது. ஏற்காட்டில் வேலி ஓரமெல்லாம் பந்து பந்தாகப் பூக்கிறதே, பெரிய இலை ஹைட்ராஞ்சியா, மேக்ரோஃபில்லா என்பது, அதற்குத்தான் இது பொருந்தும். மண்ணில் அமிலத்தன்மை இருந்தால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அது பூவின் நிறமியோடு சேரும்போது நீலம் வரும். சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தால் அதே செடி சிவக்கும். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் பாக்சைட் இருக்கிறது. பாக்சைட் என்றாலே அலுமினியத் தாது. அதனால் எங்கள் செம்மண்ணில் அந்தப் பழைய ஹைட்ராஞ்சியா, யாரும் எதுவும் போடாமலே, ஆழமான நீலத்தில் பூக்கிறது. பேனிக்கிள் ஹைட்ராஞ்சியா மண்ணைப் பார்த்து நிறம் மாற்றுகிற இனமே அல்ல. படிகாரமும் சுண்ணாம்பும் அதற்கு ஒன்றுதான். செடி விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் சுண்ணாம்பைக் கொட்டினால் பக்கத்தில் இருக்கும் காப்பிச் செடிக்கும் கேடு.

பேனிக்கிள் ஹைட்ராஞ்சியாவின் நிறம் இரவுக் குளிரைப் பொறுத்தது. பூ முற்றும் பருவத்தில் இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் சிவக்கும். இதன் பிறந்த ஊரைப் பார்த்தால் காரணம் புரியும். ஜப்பான், சீனா, ரஷ்யாவின் சக்காலின் தீவு, இவைதான் இதன் சொந்த இடங்கள். நாகசாகியில் டச்சுக்காரர்களின் வணிகத் தளத்தில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் சீபோல்ட் 1829-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஜப்பானில் கையால் காகிதம் செய்கிறவர்கள் இதன் உள்பட்டையிலிருந்து வரும் பசையைக் காகிதக் கூழில் சேர்ப்பதுண்டு. லைம்லைட் ரகம் நெதர்லாந்தில் பீட்டர் ஸ்வைனன்பர்க் உருவாக்கியது. மைனஸ் 30 டிகிரி குளிரையும் தாங்கி மறுபடி துளிர்க்கிற செடி இது. அங்கே ஜூலை, ஆகஸ்டில் பூத்து, செப்டம்பரில் இரவு குளிரத் தொடங்கும்போது மெல்லச் சிவக்கிறது.

ஏற்காட்டுக் கணக்கு தலைகீழ். தையில் கவாத்து செய்தால் மாசியில் துளிர், ஆனியில் மொட்டு, ஆடியில் பூ. பூ முற்றும் ஆவணி, புரட்டாசியில் இங்கே இரவு இதமாக இருக்குமே தவிர குளிராது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மார்கழியில் வெப்பம் 13 டிகிரி வாக்கில் இறங்கும்போது கொத்தில் சருகுதான் மிச்சம். குளிர் வருகிறது, ஆனால் பூ போன பிறகு வருகிறது. என் மொத்தக் குறையும் இந்த ஒரு வரிதான்.

பொழுது நீளமும் வேறு. நெதர்லாந்தில் கோடையில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல்; நமக்கு மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. என் கொத்துகள் படத்தில் இருப்பதைவிடச் சிறியதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஏன் என்று பின்னால் மழையைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

சரி, நியாயமாகப் பேச வேண்டும். இந்தச் செடியிடம் எனக்குப் பிடித்த விஷயம் கவாத்து. பழைய நீல ஹைட்ராஞ்சியா போன வருடத்துக் குச்சியில்தான் பெரும்பாலும் மொட்டு வைக்கும். தெரியாதவர் கையில் கத்தரியைக் கொடுத்தால் அந்த வருடப் பூ போச்சு. எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் அண்ணன் ஆயுள் முழுக்கக் காப்பிக்குக் கவாத்து செய்தவர். அவர் கை வேகத்துக்கு நீலப் புதர் ஒவ்வொரு முறையும் மொட்டையாகிவிடும். லைம்லைட் இந்த வருடம் விடும் புதுக் கிளையின் நுனியில் பூப்பது. அவர் எவ்வளவு வெட்டினாலும் பூ வரும். முதல் வருடம் அவரே ஆச்சரியப்பட்டு, "இது நம்ம ரோஜா மாதிரி பழக்கம்மா, வெட்ட வெட்டத்தான் புத்தி வருது" என்றார். அந்த நிம்மதியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் எவ்வளவு வெட்டுவது என்பதில் மழை ஒரு பாடம் நடத்திவிடும். தரையோடு ஒட்ட வெட்டினால் புதுக் கிளைகள் நீளமாக, மெலிதாக, தளதளவென்று வரும். கொத்தும் பெரிதாக இருக்கும். ஆடிக் காற்றோடு ஒரு மழை அடித்தால் அந்தக் கொத்து அத்தனை தண்ணீரையும் குடித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கிடக்கும். செம்மண் தெறித்த வெள்ளைப் பூவைக் கழுவவும் முடியாது. அதனால் நான் இப்போது முழங்கால் உயரத்துக்குப் பழைய முற்றிய தண்டுகளை விட்டுவிட்டு, அதற்கு மேலே இரண்டு கணு விட்டு வெட்டச் சொல்கிறேன். கிளை குட்டையாக, உறுதியாக வருகிறது. கொத்து சிறிதாகிறது, ஆனால் நிமிர்ந்து நிற்கிறது. யூரியா போடவே போடாதீர்கள், தண்டு இன்னும் இளகும். மக்கிய தொழு உரம் மாசியில் ஒரு முறை, ஆனி தொடக்கத்தில் ஒரு முறை போதும். சில்வர் ஓக் நிழலில் வைத்தவர்கள் தோட்டத்தில் இதே செடி வெளிச்சத்தைத் தேடி வளைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீல ஹைட்ராஞ்சியாவுக்குத்தான் நிழல் ஆகும். இதற்கு மலையில் காலை வெயில் முழுசாக வேண்டும், பிற்பகலில் கொஞ்சம் நிழல் இருந்தால் நல்லது.

இன்னொன்று, இது நம் ஊரில் சரியாகத் தூங்குவதில்லை. குளிர்தேசத்தில் இலையெல்லாம் கொட்டி ஓய்வெடுக்கிற செடி. இங்கே மார்கழியில் பாதி இலை மஞ்சளாகி விழும், பாதி இலை அப்படியே தொங்கும். விட்டுவிட்டால் துளிர் ஒரே சமயத்தில் வராமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும். நான் மார்கழிக் கடைசியில் தண்ணீரைக் குறைத்து, மிச்ச இலைகளைக் கையால் உருவிவிட்டு, தையில் கவாத்து செய்கிறேன். அப்புறம் துளிர் ஓரளவு சேர்ந்தாற்போல் வருகிறது. மாசி முதல் சித்திரை வரை தண்ணீர்தான் பெரிய வேலை. கோடை மழை நேரத்துக்கு வந்து காப்பி பூத்தால் இதற்கும் கொண்டாட்டம். தள்ளிப்போனால் வாரம் மூன்று முறையாவது வேர் நனைய ஊற்ற வேண்டும். வேரைச் சுற்றி மக்கிய காப்பிப் பழத்தோலும் சில்வர் ஓக் சருகும் கலந்து மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும். மூடாக்கு தண்டில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். இலையைத் தின்றால் ஆடு மாட்டுக்கு ஆகாது, வெட்டிய கழிவை மேய்ச்சல் இடத்தில் போடாதீர்கள்.

மே மாதம் கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு மலையேறி வரும் உறவினர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்து, "எங்க அந்தப் பூ?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் வெறும் பச்சைப் புதர்தான் நிற்கும். பார்க்க வேண்டுமென்றால் ஆனிக் கடைசியில் வாருங்கள். மூடுபனி இறங்கும் மதியத்தில் அந்த இளம்பச்சைக் கொத்துகள் தனியாகத் தெரியும். வெட்டி ஜாடியில் வைத்தால் நாள் கணக்கில் வாடாது. இந்த இளம்பச்சை அட்டையில் இருப்பதைவிட நேரில் அழகு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயம் செய்கிறவள் ஆவேன்.

இளஞ்சிவப்பை நான் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு முறை பார்த்தேன். வராந்தா ஓட்டுக்கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில், பெரிய சிமென்ட் தொட்டியில் ஒன்று இருக்கிறது. அதன் கிளை நுனிகளை வைகாசியில் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை கிள்ளிவிட்டேன். நுனி கிள்ளினால் பூப்பது தள்ளிப்போகும். புரட்டாசிக் கடைசியில்தான் மொட்டு விரிந்தது. ஐப்பசி மழை அதைத் தொடவில்லை. கார்த்திகை கடந்து மார்கழிக் குளிரில், கொத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு மங்கலான ரோஸ் மேலே ஏறியது. எல்லாப் பூவிலும் இல்லை. வெளியே பார்த்த பக்கம்தான். ஆனாலும் அது சந்தேகத்துக்கு இடமில்லாத சிவப்பு. போன வருடமும் அப்படியே கிள்ளினேன். கொத்துகள் குறைவு, நிறம் இன்னும் லேசு. ஆக, வழி இருக்கிறது. மழை படாத கூரை, தொட்டி, இரண்டு முறை நுனிக் கிள்ளல், பாதிப் பூ இழப்பு எல்லாம் சேர்ந்தால். இதை அட்டையில் யாரும் போடுவதில்லை.

சேலத்தில் வைக்கலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். சித்தி மகளிடமும் அதைத்தான் சொன்னேன். கோடையில் 40 டிகிரி தொடுகிற ஊர். இலை நண்பகலில் துவண்டு, மாலையில் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்து, ஒரு வாரம் இப்படிப் போனால் ஓரம் கருகிவிடும். அதோடு, மலையடிவாரத்தில் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டியெடுக்கும் பூமி அது. பல வீடுகளில் போர் தண்ணீர் கடினமான தண்ணீர். தொடர்ந்து ஊற்ற ஊற்ற மண்ணின் புளிப்பு போய், இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளாகும். அது இரும்புச்சத்து ஏறாத அறிகுறி. அங்கே அதே காசுக்கு நல்ல அரளி வையுங்கள், வருடம் முழுக்கப் பூக்கும்.

மலையில் இருக்கிறவர்களுக்கு? இதை எழுதுவது புரட்டாசியில். ஜன்னலுக்கு வெளியே பழுப்புக் கொத்துகள் ஈரத்தோடு நிற்கின்றன. இந்த மனநிலையில் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். இளஞ்சிவப்புப் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். நிறத்துக்காகக் காசு கொடுத்துவிட்டு அந்த நிறத்தை வருடா வருடம் தேடுவது மனதுக்கு நல்லதில்லை. நீலம் போதும் என்றால் வேலி ஓரத்து ஹைட்ராஞ்சியாவில் ஒரு குச்சி கேட்டு வாங்கி நடுங்கள், செலவே இல்லை.

நான் பிடுங்கப் போகிறேனா என்றால், இல்லை. ஆடியில் பூ வைக்காத இளங்குச்சிகளாக நறுக்கி, ஆற்று மணலும் மக்கிய தென்னை நார்க்கழிவும் பாதிப் பாதி கலந்து, நிழலில் ஊன்றியிருந்தேன். இப்போது இழுத்துப் பார்த்தால் கைக்கு வரவில்லை, வேர் பிடித்துவிட்டது. வீட்டின் கிழக்குப் பக்கம் கூரையை இன்னும் இரண்டடி நீட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். இந்தக் குச்சிகளுக்கான நாலு தொட்டியும் அதற்குக் கீழேதான்.