டெல்லிப் பள்ளி நூலகத்தில் கோஹா: ஒரு கல்வியாண்டு ஓட்டிப் பார்த்த பிறகு

பள்ளி நூலகத்துக்குக் கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருள் சரிப்படுமா என்று சக நூலகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் வேலை பார்ப்பது டெல்லியில் ஒரு சீனியர் செகண்டரி பள்ளியில். அலமாரியில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் உண்டு. பிள்ளைகள் வீட்டில் தமிழும் மைதானத்தில் இந்தியும் பேசுவார்கள். 2024 ஏப்ரலில் தொடங்கிய கல்வியாண்டை முழுக்கக் கோஹாவில் ஓட்டினோம். ஒரு மாதம் மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கோஹா ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற ஊர்ப்பகுதியின் நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. இன்று பெரிய பல்கலைக்கழகங்களே இதை வைத்திருக்கின்றன. பள்ளிக்கு இது அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட கதைதான். பாதி மெனுவை நான் திறந்ததே இல்லை. இலவசம் என்பதையும் பார்த்து நம்ப வேண்டும். டெபியன், உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் போட்ட கணினி, அது படுத்தால் எழுப்பத் தெரிந்த ஆள், தினசரி பேக்கப், இதற்கெல்லாம் செலவு உண்டு. ஆள் இல்லாத பள்ளி இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. அரசு நிறுவனமாக இருந்தால் மத்திய அரசின் தேசியத் தகவல் மையம் (என்ஐசி) உருவாக்கிய இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்களை அதிகம் படுத்தியது தமிழ்த் தேடல். நிறுவிக் கொடுத்தவர்கள் கிளம்பிப் போன மறுநாள், தமிழில் ஒரு தலைப்பைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை, அல்லது சம்பந்தமில்லாத பத்துப் புத்தகம் வந்தது. போன் செய்தால் "தமிழ் சப்போர்ட் இல்லை மேடம்" என்று பதில். அது உண்மையில்லை. கோஹாவுக்குள் தேடலைக் கவனிப்பது ஜீப்ரா என்ற எஞ்சின். அதன் சாதாரண அமைப்பு லத்தீன் எழுத்துகளுக்கு ஏற்றது. தமிழ், இந்தி போன்ற எழுத்துகளுக்கு ஐசியு என்ற யூனிகோட் முறைக்கு மாற்றி, எல்லாப் பதிவுகளையும் மறுபடி இண்டெக்ஸ் செய்ய, அதாவது தேடலுக்கான அட்டவணையில் ஏற்ற, வேண்டும். என் அக்கா பையன் லினக்ஸ் தெரிந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துக் கொடுத்தான். பணம் கொடுத்து நிறுவச் சொல்பவர்கள், ஐசியு இண்டெக்ஸிங் செய்து, உங்கள் கண் முன்னால் தமிழில் தேடிக் காட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அடுத்தது பழைய பட்டியல். தமிழ்ப் புத்தகங்களில் பாதி யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருவில் எக்செலில் கிடந்தன, மீதி ஆங்கில எழுத்தில். திருக்குறளை மட்டும் மூன்று விதமாக ஸ்பெல்லிங் போட்டு வைத்திருந்தார்கள். எழுத்துருவை மாற்றி, பிறகு கண்ணால் சரிபார்த்தோம். இதைக் கணினி செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்புறம் பார்த்தால், எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வரும், தட்டச்சு வராது. அதனால் ஒவ்வொரு புத்தகப் பதிவிலும் 246 டேகில், அதாவது மாற்றுத் தலைப்புக்கான இடத்தில், ஆங்கில எழுத்து வடிவத்தையும் சேர்த்தோம். தேடிக் கிடைப்பது அதன் பிறகுதான் பிள்ளைகளுக்குக் கைகூடியது.

ஆங்கிலப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் தட்டினால் போதும், வெளிநாட்டு நூலகங்களின் பதிவு, நூலகக் கணினிகள் ஒன்றையொன்று தேடும் இசட்39.50 முறை வழியாக நொடியில் வந்து விழும். தமிழுக்கு அந்தச் சுகம் குறைவு. வந்தாலும் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாணியில் புள்ளியும் கோடும் போட்ட ரோமன் எழுத்தில் வரும். ஆசிரியர் பெயர் தனித் தொல்லை. டெல்லி வானொலியில் வேலை பார்த்த தி. ஜானகிராமனை 'தி'யில் வைப்பதா, 'ஜா'வில் வைப்பதா? நாங்கள் 'ஜா'வில் வைத்தோம். தமிழாசிரியருக்கு இன்னும் மனசில்லை. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி எண்ணும் அப்படித்தான். ஆங்கில இலக்கியம் 820இல் அழகாக உட்கார்ந்திருக்க, தமிழ் 894.811. கதை என்றால் பின்னால் ஒரு 3. ஒல்லியான சிறுவர் புத்தகத்தின் முதுகில் அந்த எண் அடங்காது, ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்க்கவும் பார்க்காது. கலர் ஸ்டிக்கர் ஒட்டினோம், வேலை நடந்தது.

இஷ்யூ, ரிட்டர்ன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது நன்றாக இருக்கிறது. முன்பு லெட்ஜரில் எழுதி முடிப்பதற்குள் லைப்ரரி பீரியட் போய்விடும். இப்போது பீப், பீப் என்று வரிசை நகர்ந்துவிடுகிறது. பார்கோடு ஸ்டிக்கரை மட்டும் பில் மெஷின் காகிதம் போன்ற சூட்டில் பதியும் வகையில் அடிக்காதீர்கள். டெல்லி மே மாதத்தில் அது சீக்கிரம் கெட்டுவிடும். லேசர் பிரிண்ட் எடுத்து மேலே டேப் ஒட்டுவது உத்தமம்.

கோடை விடுமுறைக்கு எல்லோரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவார்கள். முன்பெல்லாம் மே முதல் வாரத்தில் புத்தகங்களை எல்லாம் வாங்கிப் பூட்டிவிடுவோம். இந்த முறை விடுமுறைக்கும் கொடுத்தோம். கடன் கொடுக்கும் திரையில் 'ஸ்பெசிஃபை டியூ டேட்' பகுதியில் ஜூலைத் தேதியை ஒரு முறை போட்டு, அந்த அமர்வு முழுக்க நினைவில் வைக்கச் சொன்னால் போதும். ஊருக்குப் போன புத்தகங்கள் மாங்காய்க் கறையோடு வந்தன, ஆனால் வந்தன.

அப்புறம் நவம்பர். 2024 நவம்பர் 18 முதல் காற்று மாசால் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. முன்னறிவிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கோஹா காலண்டரில் விடுமுறை குறிக்கலாம், அன்றைக்கு டியூ டேட் விழாமலும் வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே கொடுத்த புத்தகத்தின் தேதி அதனால் தானாகத் தள்ளிப்போகாது. அபராதம் கணக்கிடும்போது நூலகம் மூடியிருந்த நாட்களைக் கழிக்கத் தனி அமைப்பு இருக்கிறது, அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகத் தேதியை நீட்டிக்க 'பேட்ச் எக்ஸ்டெண்ட் டியூ டேட்ஸ்' என்ற கருவியும் உண்டு. டெல்லியில் இது இல்லாமல் காலம் தள்ள முடியாது. அதற்குப் பிறகு காசு அபராதத்தையே நிறுத்திவிட்டோம். தாமதமானால் சில நாள் புதிய புத்தகம் கிடையாது, அவ்வளவுதான். "மேம், ரீ-இஷ்யூ கர் தீஜியே" (மறுபடி இஷ்யூ செய்து கொடுங்கள்) என்று பிள்ளைகள் முன்னாலேயே வந்து நிற்கிறார்கள். பயந்து புத்தகத்தை ஒளித்து வைப்பது குறைந்திருக்கிறது.

இந்த மென்பொருளை நான் பரிந்துரைப்பதற்கு உண்மையான காரணம் அறிக்கைகள் பகுதியில், 'ஒரு முறைகூட இஷ்யூ ஆகாதவை' என்ற பட்டியல். டிசம்பரில் எடுத்துப் பார்த்தபோது விலை உயர்ந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம் அதில் இருந்தது எதிர்பார்த்ததுதான். தமிழ்ச் சிறுகதைகளும் கூட்டமாக அதில் நின்றன. போய்ப் பார்த்தால் அத்தனையும் ஒரே பீரோவில், பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

பூட்டு எங்கிருந்து வருகிறது என்று எல்லா நூலகருக்கும் தெரியும். மார்ச் ஸ்டாக் வெரிஃபிகேஷனில், அதாவது இருப்புச் சரிபார்ப்பில், ஒரு புத்தகம் குறைந்தால் நம் சம்பளம் போகும் என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 194ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். ஆண்டில் இஷ்யூ ஆன அல்லது எடுத்துப் படிக்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது ஏற்கத்தக்கதே, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாவிட்டால். எங்கள் பள்ளி அப்படியே அந்த விதிக்குள் வராது. ஆனாலும் பிரின்சிபால் மேஜையில் அதையும் கோஹா பட்டியலையும் சேர்த்து வைத்தபோது பேச்சு சுலபமாக முடிந்தது. நூலகர் தினம் என்று ஆகஸ்ட் 12 அன்று சீர்காழிக்காரரான நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்று அவர் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் முதல் விதி அதே பீரோ மேல்தான் ஒட்டியிருந்தது!

ஜனவரி விடுமுறை முடிந்ததும் பூட்டைக் கழற்றினோம். பிப்ரவரி புத்தகக் கண்காட்சிக்குப் பாரத் மண்டபம் போனபோது எதை வாங்கக் கூடாது என்பதற்கும் அந்தப் பட்டியல்தான் கையில் இருந்தது. மார்ச்சில் இன்வென்டரி கருவியால் சரிபார்ப்பும் வேகமாக முடிந்தது. லேப்டாப்பை டிராலியில் வைத்து, நூலகத்தில் உதவும் பையா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய, இல்லாதவற்றை அது காட்டிவிட்டது. திறந்த பீரோவிலிருந்தும் சில காணவில்லை. விதி சொல்லும் அளவுக்குள்தான்.

எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது என்ற வரலாறும் இதில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு வகுப்பாசிரியர் பட்டியல் கேட்டார், கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்த புத்தகங்களிலிருந்து பெயரை நீக்கும் வசதி கோஹாவில் இருக்கிறது, ஆண்டு முடிவில் அதை ஓட்டிவிட்டேன். புதிய பதிப்பு மே, நவம்பர் மாதங்களில் வரும். நாங்கள் அப்கிரேடை கோடை விடுமுறையில் மட்டும் வைத்துக்கொள்கிறோம், முதல் நாள் பேக்கப்பை வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு.