பிக் காட்டன்வுட் கேன்யன் மாரத்தான்: இறக்கத்தை நம்பிப் போகலாமா?

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குக் கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே செப்டம்பரில் நடக்கும் ரெவெல் பிக் காட்டன்வுட் மாரத்தானைப் பற்றி ஓட்டக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "முழுக்க இறக்கம், நேரம் தானாக வந்துவிடும்" என்பது ஒன்று. "தொடை போய்விடும், அந்தப் பக்கமே போகாதே" என்பது மற்றொன்று. முதல் பேச்சு ஏறத்தாழ 18 மைல் வரை உண்மை. மலையை விட்டு வெளியே வந்தபிறகு மிச்சமிருக்கும் எட்டு மைலில் இரண்டாவது பேச்சு உண்மையாகிவிடும். இந்தப் போட்டிக்குத் தயாராவதென்றால் அந்தக் கடைசி எட்டு மைலுக்குத் தயாராவதுதான்.

தொடக்கம் கார்ட்ஸ்மன் பாஸ் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 9,700 அடி உயரத்தில். முடிவு பிக் காட்டன்வுட் பள்ளத்தாக்குக்கு வெளியே, சுமார் 4,500 அடியில். மொத்த இறக்கம் 5,200 அடியை ஒட்டி வரும். ஆரம்பத்தில் பிரைட்டன் பனிச்சறுக்குத் தலம் வரை சாலை செங்குத்தாக விழுகிறது. பிரைட்டனைச் சுற்றி வரும் வளையத்தில் சின்ன ஏற்றம் ஒன்று உண்டு. காற்று மெலிந்த இடம் என்பதால் அந்தச் சின்ன ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். அங்கே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள நினைக்காமல் மெதுவாக ஏறிவிடுங்கள். அதன்பின் சாலிட்யூட் தலத்தைத் தாண்டி, ஓடையை ஒட்டியே மாநிலச் சாலை 190 பள்ளத்தாக்கின் வாய் வரை இறங்கிக்கொண்டே போகும். அந்த வாய் சுமார் 5,000 அடியில் இருக்கிறது. கணக்குப் போட்டால் பள்ளத்தாக்குக்குள் சராசரிச் சரிவு 5 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கார் ஓட்டுபவருக்கு இது பெரிதாகத் தெரியாது, ஓடுபவரின் முழங்காலுக்குத் தெரியும்.

காட்சியைப் பொறுத்தவரை இதை மிஞ்சும் சாலை மாரத்தான்கள் அதிகமில்லை. மேல் பாதி பழைய பனியாறு அரித்த அகலமான பள்ளம், இருபுறமும் ஃபிர் மரங்களும் ஆஸ்பென் தோப்புகளும். கீழே வரவர நீர் அறுத்த குறுகலான பிளவாகிவிடும். ஸ்டார்ம் மவுண்டன் அருகே குவார்ட்சைட் பாறைகள் செங்குத்தாக நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலோர அலைநீரில் படிந்த மணல்தான் இப்படி இறுகியிருக்கிறது. அடுக்குகள் சாய்ந்து கிடப்பதை ஓடிக்கொண்டே பார்க்கலாம். ஒன்றை மட்டும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். செப்டம்பர் நடுவில் ஆஸ்பென் முழுக்கப் பொன்னிறமாகியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உச்சம் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான். பந்தய நாளில் அங்கங்கே மஞ்சள் திட்டும், கீழ்ப்பகுதி மேப்பிள்களில் சிவப்பும் தெரிந்தால் அந்த வருடம் நல்ல வருடம்.

காலை ஏற்பாட்டைச் சொல்லிவிடலாம். தொடக்க இடத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது, விடிவதற்கு வெகு முன்பே பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே இருட்டில், குளிரில், கழிவறை வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கலாம், அதற்கும் கீழே போகலாம். மெல்லிய கையுறையும் வெள்ளித்தாள் போர்வையும் அமைப்பாளர்களே தருவது வழக்கம். அது மட்டும் போதாது. தூக்கிப் போட மனம் வரும் பழைய ஸ்வெட்டர் ஒன்றும், கால்சட்டைக்கு மேல் பழைய பேன்ட் ஒன்றும் போட்டுக்கொண்டு போங்கள். தொடை தசை குளிரில் விறைத்த நிலையிலேயே நேராகச் சரிவில் இறங்கினால், முதல் மூன்று மைலில் விழும் அடி கடைசிவரை மாறாது. காலை உணவைப் பேருந்தில் ஏறும் முன்பே முடித்துவிட்டால் தொடங்கும்போது பசிக்கும். பிரெட், வாழைப்பழம் ஏதாவது பையில் இருக்கட்டும், தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகச் சாப்பிடுங்கள்.

இனி தொடை விஷயம். சமதரையில் ஓடும்போது முன்தொடைத் தசை உடலை முன்னே தள்ள உதவுகிறது. இறக்கத்தில் அதே தசை பிரேக் வேலை பார்க்கிறது. ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் அது நீண்டுகொண்டே சுமையைத் தாங்கி நிறுத்த வேண்டும். இப்படி நீளும்போது இழுக்கும் தசை நார்களில்தான் நுண்ணிய சிதைவு அதிகம். மூச்சு சுலபமாக இருப்பதால் இது அப்போது தெரியாது. இதயத் துடிப்பும் குறைவாகவே காட்டும், இன்னும் வேகமாகப் போகலாம் என்று தோன்றும். பள்ளத்தாக்குக்குள் மட்டும் ஏறத்தாழ 24,000 காலடிகள் விழுகின்றன. வாயைத் தாண்டிச் சமதரை வந்ததும், அங்கே இருக்கும் சிறு மேடு ஒவ்வொன்றிலும் தொடை தூக்க மறுக்கும். அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும். மலைச்சுவரின் நிழல் போய்விட்டது, உயரமும் 5,000 அடி குறைந்துவிட்டது, தொடக்கத்தில் இருந்த குளிருக்கும் இதற்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஆச்சரியமில்லை.

வேகக் கணக்கை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 3 மணி 30 நிமிடத்துக்கு ஓடக்கூடியவர் ஒருவர். சமதரையில் அவருக்கு மைலுக்கு 8 நிமிடம். முதல் மூன்று மைல் 7:50, அதன்பின் 18 வரை 7:40 அல்லது 7:45, வெளியே வந்தபின் 8:30 என்று ஓடினாலே 3:30-க்குள் முடித்துவிடுவார். இறக்கம் இழுக்கிறதே என்று முதலிலிருந்தே 7:10-ல் போனால், 18-ஆவது மைலில் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தது போல இருக்கும். பின்னால் மைலுக்குப் பத்தரை நிமிடமாகிவிட்டால் 3:35 ஆகும். அந்தப் பத்து நிமிடமும் போய், மேலே ஐந்தாறு நிமிடமும் போய்விடும். கடைசிப் பகுதியில் நடந்து வருகிறவர்களில் பலர் இப்படிக் கணக்கு தவறியவர்கள்தான்.

கைக்கடிகாரத்தை அப்படியே நம்ப வேண்டாம். குறுகலான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சிதறும், திடீரென்று 6:40 காட்டும், அடுத்த நிமிடம் 8:20 என்று காட்டும். மைல்தோறும் நேரத்தைத் தானே பிரித்துக் காட்டும் தானியங்கி லேப்பை அணைத்துவிட்டு, பந்தயத்துக்காக வைத்த மைல் பலகை வரும்போது நீங்களே பட்டனை அழுத்துவதுதான் சரியான வழி.

ஓடும் முறையில் ஒரே ஒரு திருத்தம்தான் பெரிய பலன் தரும்: அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு வழக்கமாக 170 காலடி என்றால் இங்கே 178, 180 வரை கொண்டுவாருங்கள். கால் உடம்புக்கு முன்னே நீட்டி விழாமல், இடுப்புக்குக் கீழே விழ வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் குதிகால் பிரேக் போடும், அந்த அடி முழுவதும் முழங்காலுக்குப் போகும். கணுக்காலிலிருந்து லேசாக முன்சாய்வு போதும். வளைவுகளில் சாலை ஒருபக்கம் சாய்த்துப் போடப்பட்டிருக்கும். ஒரே ஓரத்தைப் பிடித்து ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்க ஆரம்பிக்கும். ஓடுவதற்கு விட்டிருக்கும் அகலத்துக்குள் எங்கே தரை மட்டமாக இருக்கிறதோ அங்கே நகர்ந்துகொள்ளுங்கள். குறுக்கு வழி பிடித்துச் சில மீட்டர் மிச்சப்படுத்துவதைவிட இது மேல்.

ஷூ விஷயத்தில் நீளம்தான் முக்கியம். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். கால் முன்னே வழுக்காமல் இருக்க, மேல்கடைசித் துளையில் நாடாவை வளையமாக்கி, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். குதிகால் இறுகி நின்றால் நகம் கறுக்காது. நகத்தை நான்கைந்து நாள் முன்பே வெட்டிவிடுங்கள், முந்தின இரவு வெட்டினால் ஓரம் குத்தும். மிக உயரமான, மெத்தென்ற அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்த ஷூக்கள் நேர்ச்சாலையில் நல்லவைதான். சாய்வான வளைவில் அவை ஆட்டம் காணும். பழகாமல் பந்தய நாளில் முதல்முறையாகப் போடாதீர்கள்.

பயிற்சியில் உடலுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒருமுறை கடினமான இறக்க ஓட்டம் ஓடித் தொடை வலித்து ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமை அந்த அளவு சிதைக்காது. ஆகவே எட்டு வாரம் முன்பே தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை இறக்க ஓட்டம் வையுங்கள். முதலில் 3 மைல் இறக்கம், பிறகு 5, பிறகு 8. கடைசி நீள இறக்கம் பந்தயத்துக்கு இரண்டரை வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும், அதற்குப் பின் தசையைக் கிளறக் கூடாது. ஒவ்வொரு இறக்க ஓட்டத்தையும் இரண்டு மூன்று மைல் சமதரை ஓட்டத்தில் முடியுங்கள். களைத்த தொடையோடு மட்டத்தில் ஓடுவதுதான் அங்கே வரப்போகும் பரீட்சை. ஹூஸ்டன், சிகாகோ போலத் தட்டையான ஊரில் இருப்பவர்கள், கீழ்நோக்கிச் சாயும் டிரெட்மில்லில் 3 சதவீதம் வைத்து ஓடலாம். அதுவும் இல்லையென்றால், 20 செ.மீ. உயரப் படியின் மேல் ஒற்றைக் காலில் நின்று மூன்று நொடி எடுத்து மெதுவாக மறு காலைத் தரைக்கு இறக்கும் பயிற்சி, காலுக்கு 12 முறை, மூன்று சுற்று, வாரம் இருமுறை. அலுப்புத் தட்டும், ஆனாலும் விடாதீர்கள்.

உயரத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: 9,700 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. இறக்கத்தில் ஆக்சிஜன் தேவை குறைவதால் அது ஓரளவு சரிக்கட்டிவிடும். உண்மையான தொல்லை வறண்ட காற்று. வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும், குளிரில் தாகமும் எடுக்காது. தண்ணீர் நிலையம் ஒவ்வொன்றிலும் நாலு மடக்காவது குடியுங்கள். ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் குளிரில் கெட்டியாகிப் பிழிய வராது. உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள், மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வரும்படி எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் அமெரிக்க மேற்குப் பகுதிகளில் காட்டுத்தீப் புகை வருவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வாரம் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பாஸ்டன் மாரத்தானில் இடம் கேட்க, வேறொரு மாரத்தானைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடி முடித்திருக்க வேண்டும். அந்தத் தகுதி நேரம் வாங்குவதற்காகவே இங்கே வந்தவர்கள் ஏராளம். அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது. 2027 பாஸ்டன் மாரத்தானிலிருந்து புதிய விதி: நிகர இறக்கம் 1,500 முதல் 2,999 அடி வரை உள்ள போட்டிகளில் ஓடிய நேரத்தோடு 5 நிமிடமும், 3,000 முதல் 5,999 அடி வரை என்றால் 10 நிமிடமும் சேர்க்கப்படும். 6,000 அடியும் அதற்கு மேலும் என்றால் நேரமே செல்லாது. பிக் காட்டன்வுட் இரண்டாம் பிரிவில், அதாவது 10 நிமிடப் பிரிவில் வருகிறது. 35 வயது ஆணுக்குத் தகுதி நேரம் 3:00, இங்கே ஓடினால் 2:50 வேண்டும். அதுவும் போதாது, 2026 போட்டிக்குத் தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடி வேகமாக ஓடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. இறக்கத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் லாபம் எடுக்கும் தொடை உங்களிடம் இருந்தால் ஒழிய, தகுதிக்காக மட்டும் இங்கே வருவது வீண். விதி நியாயமானதுதான். பாஸ்டன் பாதையே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற உலகச் சாதனை வரம்பைத் தாண்டி இறங்குவது, 2011-ல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே ஓடிய 2:03:02 சாதனையாக ஏற்கப்படாதது எல்லாம் ஓட்டக்காரர்களுக்குத் தெரிந்த கதை. சொந்தச் சாதனை நேரம் ஒன்று வேண்டும், நல்ல மலைக்காட்சி வேண்டும் என்பவர்களுக்கு இந்த விதியால் ஒரு குறையும் இல்லை.

முதல் மாரத்தானாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பள்ளத்தாக்கின் நடுவிலிருந்து தொடங்கும் பாதி மாரத்தான் புதியவர்களுக்கு நல்ல தேர்வு. அதிக உயரமில்லை, தொடைக்கு விழும் அடியும் பாதிதான். பள்ளத்தாக்குக்கு வெளியே உள்ள பகுதியின் வழி ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. பழைய ஓட்டக்காரர் சொன்னதை வைத்து மனக்கணக்குப் போடாமல் அந்த வருட வரைபடத்தைப் பாருங்கள். குறிப்பாக எங்கே மேடு, எங்கே திரும்பி வர வேண்டும் என்பதை. உற்சாகப்படுத்த வரும் குடும்பத்தாரை முடிவிடத்தில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். பந்தய நேரத்தில் சாலை மூடியிருப்பதால் பள்ளத்தாக்குக்குள் கார் போகாது. நகரத்துக்கே குடிநீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் நாய்களுக்கு அங்கே எப்போதும் அனுமதி கிடையாது. ஜெல் உறையையும் ஓடையோரம் வீசாமல் குப்பைத் தொட்டி இருக்கும் இடம் வரை பையில் வைத்திருங்கள்.

தங்குவதற்கு காட்டன்வுட் ஹைட்ஸ், மிட்வேல், சாண்டி பக்கம் வசதி. நகர மையத்தில் அறை எடுத்தால் பேருந்தைப் பிடிக்க இன்னும் அரைமணி முன்னதாக எழ வேண்டும். மாடி அறை வேண்டாம், அல்லது லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடை வலி அன்றைக்கு அவ்வளவாகத் தெரியாது, இரண்டாம் நாள்தான் உச்சம். அதனால் மறுநாளே நாலு மணி நேரம் காரோட்டி மோவாப் போய், ஆர்ச்சஸ் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் ஏறுவதாகத் திட்டம் போடாதீர்கள். அந்தப் பாறைச் சரிவில் ஏறிவிடலாம், இறங்க முடியாது. குடும்பத்தோடு வந்திருந்தால் முதல் இரண்டு நாளை கிரேட் சால்ட் லேக் ஏரியில் உள்ள ஆன்டிலோப் தீவுக்கு ஒதுக்குங்கள். காரிலிருந்தபடியே காட்டெருமைக் கூட்டம் பார்க்கலாம். மோவாபை நான்காம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.