கண்ணா, ஈ.ஈ.ஜி.யா, ஏ.ஈ.ஈ.ஜி.யா: பச்சிளங்குழந்தையின் வலிப்பைக் கண்டுபிடிக்க எது?

பிறந்தபோது மூச்சுத் திணறிய குழந்தை. இரண்டாம் நாள் இரவு, படுத்தபடியே சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை ஆட்டியது, உதட்டைச் சப்பியது. ஃபிட்ஸா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் எங்கள் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) போன வருடம் ஏ.ஈ.ஈ.ஜி. கருவி வாங்கினோம். ஈ.ஈ.ஜி. என்பது தலையில் மின்முனைகள் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. ஏ.ஈ.ஈ.ஜி. அதையே சில மின்முனைகளோடு எடுத்து, நேரத்தைச் சுருக்கி ஒரு பட்டையாகக் காட்டும்.

கண்ணை மட்டும் நம்பக் கூடாது. கை நடுக்கம் என்றால் பிடித்துப் பார்ப்போம். நின்றுவிட்டால் பெரும்பாலும் ஃபிட்ஸ் இல்லை. தூக்கத்தில் மட்டும் வரும் துள்ளலுக்கு இது சரிவராது. பிடித்தால் அதிகமாகக்கூட ஆகும், எழுப்பினால்தான் அடங்கும். சைக்கிள் மிதிப்பதும் துடுப்புப் போடுவதும் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் பிறவியிலேயே பதிந்த அசைவுகள். மேல்மூளையின் பிடி தளர்ந்தால் தாமாகவே வெளிவரும். 1987இல் மிஸ்ராஹி, கெல்லவே என்ற இரு ஆய்வாளர்கள் வீடியோவையும் ஈ.ஈ.ஜி.யையும் சேர்த்துப் பார்த்தபோது, இத்தகைய அசைவுகள் பலவற்றில் வலிப்பு அலையே இல்லை. மறுபக்கம் இன்னும் கவலை தருவது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஈ.ஈ.ஜி.யில் பதிவான 526 வலிப்புகளில் 34 சதவீதத்துக்குத்தான் வெளியே அடையாளம் தெரிந்தது. பணியில் இருந்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 9 சதவீதம். பீனோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்ததும் கைகால் அடங்கி, மூளைக்குள் வலிப்பு தொடர்வதும் உண்டு.

துல்லியத்தில் முழு ஈ.ஈ.ஜி.யை எதுவும் மிஞ்சாது. அதில் பேச்சே இல்லை.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது? எங்களுக்கு முடிவைத் தந்தது இந்தக் கேள்விதான். முழு ஈ.ஈ.ஜி.க்கு மின்முனைகள் பொருத்த டெக்னீஷியன் வேண்டும், படிக்க நரம்பியல் மருத்துவர் வேண்டும். இருவரும் காலையில்தான் வருவார்கள். வந்து அரைமணி நேரம் பதிவு செய்தால், அந்த அரைமணிக்குள் வலிப்பு வர வேண்டும். ஏ.ஈ.ஈ.ஜி.யில் நான்கைந்து மின்முனைகள் போதும். ட்யூட்டி நர்ஸே பொருத்திவிடுவார். ஒரு மணி நேரப் பதிவு ஆறு சென்டிமீட்டர் நீளப் பட்டையாகச் சுருங்கி நிற்கும். வலிப்பு வந்தால் பட்டையின் கீழ்விளிம்பு சட்டென்று எழும்பும். திரும்பத் திரும்ப வந்தால் ரம்பப் பல் மாதிரி தெரியும். எங்கள் நர்ஸ்கள் சில வாரங்களிலேயே படிக்கப் பழகிவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு மூன்று நாள் கழற்றாமல் ஓடியது. மிதிக்கும்போதெல்லாம் பட்டை அசையவில்லை, காலையில் எடுத்த முழு ஈ.ஈ.ஜி.யும் அதையே சொன்னது. மருந்து கொடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. அரை நிமிடத்துக்குள் முடியும் வலிப்பும், மின்முனைக்குத் தொலைவில் எழும் வலிப்பும் தப்பிவிடும். அம்மா தட்டிக்கொடுப்பதுகூட வலிப்பு போலப் பதிவாகும். அதனால் தட்டும் நேரத்தைக் குறித்து வைக்கிறோம். சந்தேகம் இருந்தால் முழு ஈ.ஈ.ஜி. எடுத்தே தீர வேண்டும்.

28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இதை மிகச் சிலருக்கே பொருத்தியிருக்கிறோம். அவர்களுடைய தோல் மெல்லியது, மூளை அலையின் இயல்பும் வேறு. அதனால் நான் சொல்வதை நிறைமாதக் குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், வாங்குவதானால் சுருக்கிய பட்டைக்குக் கீழே அசல் அலையையும் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.