பழைய படமும் புதுப் படமும் பொருந்த மூன்று இலவசக் கருவிகள்: ஓப்பன் கேமரா, ஹுகின், ஜக்ஸ்டபோஸ்

ஒரு தெருவின் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டால் அது ஒப்பீடு ஆகிவிடாது. இரண்டும் ஒரே புள்ளியில் நின்று எடுத்தவையாக இல்லாவிட்டால், கட்டடம் இடித்துக் கட்டப்பட்டதா, எடுத்தவர் நாலடி தள்ளி நின்றாரா என்று பார்ப்பவருக்குப் புரியாது. ஆண்ட்ராய்டில் எடுக்க ஓப்பன் கேமரா, கணினியில் பொருத்த ஹுகின், இணையத்தில் காட்ட ஜக்ஸ்டபோஸ் என்ற மூன்றும் இந்த வேலைக்குப் போதும். மூன்றுமே இலவசம். இவற்றில் நேரத்தைக் கொட்ட வேண்டியது முதலாவதில்தான். அங்கே கோட்டை விட்டதை மற்ற இரண்டாலும் மீட்க முடியாது.

கிளம்பும் முன் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் இடத்தை உறுதி செய்துகொள்ளலாம். 2014 முதல் அதிலேயே பழைய பதிவுகளையும் பார்க்க முடிகிறது. சில ஊர்களுக்கு 2007 வரை பின்னே போகலாம். ஆனால் அந்தக் கேமரா கார் கூரைக்கு மேல், சாலை நடுவில் நிற்பது. எந்தக் கட்டடம் என்று கண்டுபிடிக்க உதவும். எங்கே நிற்பது என்று அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பழைய படம் இடவலம் மாறியிருக்கிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்தால் தெருவே கண்ணாடி பிம்பமாகிவிடும். கடைப் பலகை எழுத்து, மணிக்கூண்டு முகம், சட்டைப் பொத்தான் இவை காட்டிக்கொடுக்கும். நெகட்டிவ் இல்லாமல் உலோகத் தகட்டிலேயே நேரடியாகப் பதிந்த டாகெரோடைப் படங்கள் பெரும்பாலும் இடவலம் மாறியே இருக்கும். அந்த முறையை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் டாகேர் 1838இல் பாரிஸில் எடுத்த புலவார் து தாம்ப்ள் தெருப்படம் அப்படிப்பட்டது. அதில் தெரு வெறிச்சோடிக் கிடப்பதற்குக் காரணம் பல நிமிட எக்ஸ்போஷர், அதாவது தகட்டில் ஒளி விழவிட்ட நேரம். நடமாடியவர்கள் பதியவே இல்லை. 'அந்தக் காலத்தில் நெரிசலே இல்லை' என்று தலைப்புப் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஓப்பன் கேமராவில் நமக்கு வேண்டியது 'கோஸ்ட் இமேஜ்' என்ற ஒரே வசதி. நாம் தேர்ந்தெடுக்கும் படத்தைத் திரையில் மங்கலாக மேலே படரவிடும். பழைய படத்தின் வெள்ளை ஓரங்களை வெட்டிவிட்டு, கேமரா எடுக்கும் அதே விகிதத்துக்கு, பெரும்பாலும் 4:3, கொண்டுவந்த பிறகு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மேல்படம் ஒரு பக்கம், காட்சி ஒரு பக்கம் என்று நிற்கும். நல்ல வெயிலில் மேல்படம் கண்ணுக்கே தெரியாது. ஏ4 தாளில் ஒரு அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

பலர் தவறுவது ஜூமில். கட்டடத்தின் அளவு மேல்படத்தோடு ஒத்துவரும்வரை ஜூம் செய்து, பொருந்திவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். அளவு பொருந்தும், ஆழம் பொருந்தாது. கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றுக்கொன்று எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம் மட்டுமே. லென்ஸ் எவ்வளவு பரப்பை எடுப்பது என்பதை மட்டும்தான் சொல்லும். எனவே ஜூமைத் தொடாமல், கிட்டத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாக இன்னும் இடியாமல் நிற்கும் இரண்டைப் பிடியுங்கள்: முன்னால் ஒரு கட்டட மூலை, அதற்குப் பின்னால் ஒரு கோபுர உச்சி. தூரத்துப் பொருள் நாம் நகரும் பக்கமே நகரும். கோபுரம் பழைய படத்தில் மூலைக்கு வலப்புறம் இன்னும் தள்ளித் தெரிகிறதென்றால் நீங்கள் வலப்புறம் போக வேண்டும். உயரத்துக்கும் இதே கணக்கு: முன்சுவருக்கு மேல் பின்கூரை பழைய படத்தைவிட அதிகமாக எட்டிப் பார்த்தால் கேமரா உயரமாக இருக்கிறது, இறக்குங்கள். முன்னே போவதா பின்னே வருவதா என்பதற்கு, கிட்டத்துக் கதவின் அகலத்தையும் தூரத்துக் கட்டடத்தின் அகலத்தையும் அச்சுப் பிரதியில் அளந்து விகிதம் பாருங்கள். திரையில் கதவு விகிதத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் பின்னால் வர வேண்டும். இடமும் வலமும் உயரமும் சரியான பிறகுதான் இதைத் தொட வேண்டும். மூன்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் சுற்றிச் சுற்றி வருவோம்.

பழைய பெட்டிக் கேமராவில் லென்ஸை மட்டும் மேலே ஏற்றும் வசதி இருந்தது. அதனால்தான் உயரமான கட்டடத்திலும் தூண்கள் நேராக நிற்கின்றன. போனை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்ளே சாயும். போனைச் சாய்க்காமல் நேராக நிமிர்த்திப் பிடித்து, பின்வாங்காமல், அகலமாக எடுத்துக் கீழ்ப்பகுதியை வெட்டுவதே வழி. கேமரா சாய்வைத் திரையில் கோடாகக் காட்டும் வசதி இந்த ஆப்பிலேயே உண்டு. நாலு பக்கமும் பழைய படத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டு எடுங்கள். ஹுகின் படத்தை வளைக்கும்போது ஓரங்களைத் தின்றுவிடும். ஐபோன்காரர்களுக்கு ஓப்பன் கேமரா கிடையாது. அச்சுப் பிரதியும் பொறுமையும்தான்.

நிழல் பொருந்தினால் ஒப்பீட்டின் அழகு இரட்டிப்பாகும். பழைய நிழலின் திசையை வைத்து, சன்கால்க் போன்ற சூரிய நிலைத் தளத்தில் நாளையும் நேரத்தையும் தேடலாம். ஜூன் 21க்கு எவ்வளவு நாள் முன்போ அவ்வளவே பின்பும் சூரியன் ஏறக்குறைய அதே பாதையில் வருவதால் ஒரு வாய்ப்பு போனால் இன்னொன்று உண்டு.

இனி ஹுகின். பல படங்களை ஒரே அகலப் படமாக, அதாவது பனோரமாவாக, ஒட்டுவதற்கான மென்பொருள். நமக்கு அது பொருத்தும் கருவி. முகம் பழசு, மெனு மிரட்டும், உதவிப் பக்கங்கள் பனோரமாக்காரர்களுக்கு எழுதியவை. ஆனால் வேலையில் கெட்டி. இடைமுகத்தை எக்ஸ்பர்ட் நிலைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு படங்களையும் ஏற்றுங்கள். ஸ்கேன் செய்த படத்தில் லென்ஸ் விவரம் இருக்காது என்பதால் கிடைமட்டப் பார்வைக் கோணம், அதாவது லென்ஸ் இடமிருந்து வலமாக எவ்வளவு பரப்பை எடுக்கிறது என்பது, கேட்கும். தெரியாவிட்டால் 50 டிகிரி கொடுத்துவிடலாம், பின்னால் அதுவே திருத்திக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனி லென்ஸ் எண் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒரே எண்ணில் இருந்தால் ஒரு லென்ஸின் கணக்கை இரண்டுக்கும் போட்டுக் குழப்பிவிடும். பழைய படத்தை ஆங்கராக, அதாவது அசையாத ஆதாரமாக, வையுங்கள், புதுப் படம்தான் வளைய வேண்டும்.

இரண்டு படங்களிலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகளைத் தானே தேடும் வசதி இங்கே பெரும்பாலும் கைவிடும். நூறு வருட இடைவெளியில் ஒளியும் மரமும் பலகையும் எல்லாம் வேறு. கையால் 8 முதல் 12 ஜோடிப் புள்ளிகள் வையுங்கள், படம் முழுக்கப் பரவலாக. ஜன்னல் வளைவின் மூலை, தூணின் தலைப்பு, சிலையின் பீடம் இவை நம்பத்தக்கவை. நடைபாதை ஓரத்தையும் வாசற்படியையும் நம்பாதீர்கள். சாலையை மேலே மேலே போட்டுத் தரைமட்டம் ஏறியிருக்கும். பிறகு அந்தப் புள்ளிகள் பொருந்தும்படி கணக்கிடும் ஆப்டிமைஸில், நிலையும் கோணமும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். இடப்பெயர்வு எண்களைத் தொட வேண்டாம். அவை தட்டையான பரப்புகளுக்கு மட்டும்.

இந்த மென்பொருளின் நிஜமான பயன் அதன் பிழைப் பட்டியலில் இருக்கிறது. எல்லாப் புள்ளிகளின் விலகலும் சில பிக்சலுக்குள் நின்றால் நீங்கள் சரியான இடத்தில் நின்றிருக்கிறீர்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் துருத்தினால் அதைத் தவறாகக் குறித்திருப்பீர்கள், அல்லது அந்தப் பகுதி பிற்பாடு கட்டியது. கிட்டத்துப் புள்ளிகள் ஒரு பக்கமும் தூரத்துப் புள்ளிகள் எதிர்ப் பக்கமும் இழுத்தால் நின்ற இடம் பிசகு. மறுபடி போய் எடுப்பதைத் தவிர மருந்து இல்லை. ஒரு கட்டடத்தின் முகப்பு மட்டும் பொருந்தினால் போதும் என்றால், ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் ஹேண்டில் டிரான்ஸ்ஃபார்மில் நாலு மூலையைப் பிடித்து இழுத்தாலே வேலை முடிந்துவிடும். பக்கத்துக் கட்டடங்கள் விலகி நிற்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

வெளியீட்டில் நேர்கோடுகளை நேராகவே காட்டும் ரெக்டிலீனியர் ப்ரொஜெக்‌ஷன், ஒட்டிய பனோரமாவுக்குப் பதில் தனித்தனியே வளைத்த படங்களைத் தரும் 'ரீமேப்ட் இமேஜஸ்' ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். 'சேவ் க்ராப்ட் இமேஜஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கோப்புகளும் வெவ்வேறு அளவில் வந்து நிற்கும்.

ஜக்ஸ்டபோஸ் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நைட் லேப் தருவது. இரண்டு படங்களின் இணைப்பு, ஆண்டு, நன்றி வரி ஆகியவற்றைக் கொடுத்தால் இழுத்துப் பார்க்கும் பட்டை தயார். படத்தின் நேரடி இணைப்பே வேண்டும். பகிர்வுப் பக்கத்தின் இணைப்பு பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. மூலத்தில் படத்தை நீக்கினால் இங்கும் வெறுமைதான். இரண்டும் ஒரே பிக்சல் அளவில், 1200 முதல் 1600 அகலத்தில் இருந்தால் போதும். பட்டை தொடக்கத்தில் 50 சதவீதத்தில் நிற்கும். முக்கியக் கட்டடம் நடுவில் இருந்தால் அதன் மேலேயே கைப்பிடி உட்கார்ந்துகொள்ளும், 30க்கு மாற்றுங்கள். இழுக்கும் பட்டையின் குறை, ஒரே இடத்தின் இரண்டு காலத்தையும் ஒருசேரக் காட்டாது என்பது. ஒரு மாடி ஏறியது, ஒரு ஜன்னல் அடைபட்டது போன்ற சிறு மாற்றங்களுக்கு இரண்டு படமும் மாறி மாறி மின்னும் ஜிஃப்பே மேல்.

புதுப் படத்துக்குச் செபியா என்ற பழுப்புச் சாயல் பூச வேண்டாம். படம் பதிந்த பழைய பிளேட்டுகள் (தகடுகள்) நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இசைந்தவை. அதனால்தான் வானம் வெளுத்தும் செங்கல் கறுத்தும் கிடக்கும். வண்ணத்தை நீக்கினால் மட்டும் அந்தச் சாயல் வராது, எந்தப் படம் எது என்ற குழப்பம்தான் வரும். ஆண்டு உறுதியில்லை என்றால் லேபிளில் 'சுமார்' என்று சேர்த்துவிடுங்கள். படத்தைப் பகிர்பவர்கள் கீழே இருக்கும் விளக்கத்தை எடுத்துப் போவதில்லை.